கருங்கல் வேலைக்குப் போனவள்

ஜூன் 4

இந்தா பார்,

நேற்று போனில் நடந்த கூத்துக்குப் பிறகு, இனிமேல் உன்னோடு போனில் பேசக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சொன்னது, "அம்மாவோட செருப்பு அத்துப் போச்சு." அவ்வளவுதான். நடுரோட்டில் வார் அறுந்து, வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார்கள். புதுசு வாங்கும்வரை உன் செருப்பைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். அது உன் காதில் "செத்துப் போச்சு" என்று விழுந்தால் நான் என்ன செய்ய? நீ "ஐயோ அத்தை!" என்று போட்ட சத்தத்தில் போன் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் "செருப்பு, செருப்பு" என்று கத்துகிறேன். நீ "இந்த நேரத்துல யாரைங்க செருப்பால அடிக்கறீங்க?" என்று அழுதுகொண்டே கேட்கிறாய். கடைசியில் அம்மாவே போனை வாங்கி, "நான்தாம்மா பேசறேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் வீலென்று அலறியது. யார் அது?

தினமும் ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிரம் அடித்தால் காது இப்படித்தான் ஆகும்.

அம்மாவுக்கு முதலில் கோபம். அப்புறம் யோசித்துப் பார்த்து, "எனக்காக இவ்வளவு அழுவாளா அவ?" என்று சந்தோஷமாகிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்கள், உங்கள் மருமகள் இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா "கருங்கல்லுக்குப் போயிருக்கா" என்றார்கள். அது ஒரு ராக் இசைக்குழுவின் பெயர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்போது நான் பொண்டாட்டியைக் கல் உடைக்க அனுப்பிவிட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. முனையில் இருக்கிற மருந்துக் கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "டிரைவிங் ஸ்கூல் சரியா ஓடலைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ரெண்டு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு மாதம் ஆகப்போகிறது. அவர்களுடைய டிரம்மர் காலை உடைத்துக்கொண்டால் உனக்கென்ன? உலகத்தில் வேறு டிரம்மரே கிடையாதா? கல்யாணத்துக்கு முன்னால் "எனக்குக் கொஞ்சம் மியூசிக் தெரியும்" என்றாய். நான் வயலின் என்று நினைத்தேன்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

இப்படிக்கு,
கல் உடைக்க அனுப்பியவன்

ஜூன் 9

என்னங்க,

அத்தைகிட்ட நான் கால்ல விழாத குறையா மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. என் செருப்பு மட்டுமில்ல, அலமாரியில இருக்கற புது ஷூவையும் எடுத்துக்கச் சொல்லுங்க.

அன்னிக்கு அலறினது சிங்கம். எங்க பாடகர். அவரு தலைமுடியைப் பாத்தா ஏன் அந்தப் பேருன்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க. காலேஜ்ல நானும் அவரும் ஒரே குழுவுல இருந்தோம், அந்தப் பழக்கத்துலதான் என்னைக் கூப்பிட்டார். நான் அழுததைப் பாத்துட்டு எல்லாரையும் எழுப்பி நிக்க வச்சு, தலைகுனிஞ்சு மௌன அஞ்சலி செலுத்தச் சொல்லிட்டார். கை எங்கயோ பட்டு போன் ஸ்பீக்கர்ல போயிருக்கு. அமைதியா நிக்கறப்ப செத்தவங்களே "நல்லாத்தான் இருக்கேன்"னு பேசினா மனுஷன் என்ன பண்ணுவார்? கிடார் வாசிக்கறவன் இன்னும் அத்தை பேரைச் சொன்னா பயப்படறான்.

எனக்கென்னன்னு கேட்டீங்களே, சொல்றேன். எங்க டிரம்மரை யானைன்னு கூப்பிடுவாங்க. உருவம் அப்படி. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மேடையிலேருந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஜனங்க மேல பாயறது அவரு வழக்கமாம். எல்லாரும் கையால தாங்கிப் பிடிச்சு ஊர்வலமா கொண்டு போவாங்களாம். அன்னிக்கு வந்த கூட்டம் ரொம்ப மரியாதையான கூட்டம். அவரு பாயறதைப் பாத்துட்டு ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டுட்டாங்க. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. சிங்கம் எனக்கு போன் பண்ணறப்ப ஊர் ஊரா போஸ்டர் ஒட்டியாச்சு. நான் வரலேன்னா சுற்றுப்பயணமே ரத்து.

என் முதல் நிகழ்ச்சியைப் பத்தி நீங்க கேக்கவே இல்ல. நானே சொல்றேன். யானை உக்காந்து உக்காந்து ஸ்டூலோட திருகு தேய்ஞ்சு போயிருக்கு. நான் அடிக்க அடிக்க அது கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குது. நிறுத்த முடியுமா? பாட்டு நடுவுல. முதல் பாட்டு முடியறப்ப என் கழுத்து வரைக்கும்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டாவது பாட்டுல டிரம்மோட பித்தளைத் தட்டுங்களுக்கு மேல என் கொண்டை மட்டும். மூணாவது பாட்டுல குச்சி மட்டும் மேல வந்து வந்து அடிச்சுட்டுப் போகுது. ஜனங்க வேணும்னே செய்யறோம்னு நினைச்சுக்கிட்டு விசில். கிடார்காரன் டேப்பால ஸ்டூலைச் சுத்திக் கட்டினான். மறுநாள் சிங்கம் வந்து, "தினமும் அப்படியே இறங்கிடும்மா"ங்கறார். மாட்டேன்னுட்டேன்.

நான் எட்டு வருஷமா காதுல மைக்கை மாட்டிக்கிட்டு, "உங்க வாஷிங் மெஷின் துள்ளறதுக்கு வருந்தறோம் சார், ஆள் அனுப்பறோம் சார்"னு சொல்லிக்கிட்டிருக்கேன். யார் என்ன திட்டினாலும் அடங்கின குரல்ல பதில் சொல்லணும்னு கம்பெனி சட்டம். இங்க வந்து முதல் அடி அடிச்சப்ப, அத்தனை வருஷமா உள்ள கிடந்தது எல்லாம் கைவழியா வெளியில போச்சுங்க. அதை உங்ககிட்ட சொல்லணும்னு எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமா? ஆனா கிளம்பறப்ப வாசல்ல நின்னு நீங்க சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. "வயசான காலத்துல தட்டுமுட்டு சாமானைத் தட்டப் போறியா?"

எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகுது.

எப்ப வருவேன்னு தெரியல. யானையோட மாவுக்கட்டைப் பிரிக்கணும்.

இப்படிக்கு,
தட்டுமுட்டு சாமான்

ஜூன் 15

உனக்கு,

"வயசான காலத்துல" என்று நான் சொன்னது என்னையும் சேர்த்துத்தான். எனக்கு நாற்பத்து மூன்று. யாராவது என்னைக் கூப்பிட்டார்களா?

உங்கள் புதுப் போஸ்டர் இங்கே பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறது. நடுவில் உன் சிங்கம் நிற்கிறான். சட்டை போடவில்லை. ஏன்? பின்னால் நீ கறுப்பு பனியனில் குச்சியைத் தூக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். என்னிடம் கார் கற்றுக்கொள்ள வருகிற பேங்க் அம்மாவுக்கு அந்த வளைவில் திரும்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போஸ்டரைப் பார்த்ததில் நான் பிரேக்கை மிதிக்க மறந்துபோனேன். அந்த அம்மாவும் மறந்துபோனார். தடுப்புக் கட்டையில் ஏறி நின்றோம். "சார், நான் தப்பு பண்ணினா நீங்க மிதிப்பீங்கன்னுதானே உங்ககிட்ட வந்தேன்" என்று அழுதார். என் தொழில் வாழ்க்கையில் முதல் தடவை.

இன்னொரு விஷயம். இதைப் படித்துவிட்டுக் கத்தாதே.

உன் மேனேஜர் போன் செய்தார். உன் லீவு முடிந்துவிட்டதாம். என்ன சொல்வது என்று தெரியாமல், "கால் ஒடைஞ்சிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. யாருடைய கால் என்று நான் சொல்லவில்லை.

அவர் நல்ல மனிதர். மறுநாள் சாயங்காலமே பழக்கூடையோடு வந்துவிட்டார். அம்மா சமாளித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "மாத்திரை போட்டுக்கிட்டு இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்ப வேண்டாம்" என்று உருக்கமாகச் சொன்னார்கள். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. திடீரென்று நீ அதில் வந்தாய். எங்கேயோ நடந்த உங்கள் நிகழ்ச்சி. படம் பிடித்தவனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது, உன் காலைத்தான் காட்டினான். ரெண்டு கால். ரெண்டும் பெடலை மிதிமிதி என்று மிதிக்கிறது.

மேனேஜர் டிவியைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா, "சீக்கிரமே குணமாயிட்டா" என்றார்கள்.

பழக்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஜூலை கடைசிக்குள் நீ சீட்டில் வந்து உட்கார்ந்தால் நடந்ததை மறந்துவிடுவாராம். இல்லாவிட்டால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட வேண்டுமாம். இதைச் சொல்லும்போதும் அவர் அடங்கின குரலில்தான் சொன்னார். கம்பெனிப் பழக்கம்.

நீ திட்டுவாய். திட்டு. ஆனால் வந்து திட்டு.

ஜூன் 21

என்னங்க,

உங்க கடிதத்தை வேன்ல உக்காந்து படிச்சேன். கோவம் தலைக்கேறிச்சு. அத்தை சொன்னதைப் படிச்சதும் சிரிப்பும் வந்துடுச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா எப்படியிருக்கும்? விக்கல் பிடிச்சுக்கிச்சு. அந்த விக்கலோடயே அன்னிக்கு வாசிச்சேன். புதுத் தாளம் நல்லாயிருக்குன்னு சிங்கம் பாராட்டினார்.

பொய் சொல்லத் தெரியாதவங்க ஏன் சொல்றீங்க? ஆனா ஒண்ணு. நான் ஊர் சுத்தப் போயிட்டேன்னு சொல்லாம, என்னைக் காப்பாத்தத்தானே சொன்னீங்க. அதை நினைச்சா திட்ட வாய் வரல. வேலை விஷயத்தை அப்புறம் யோசிக்கறேன்.

சிங்கம் ஏன் சட்டை போடறதில்லன்னா, இருக்கற ரெண்டு சட்டையும் சாயம் போயிடுச்சு. துவைச்சது கிடார்காரன். வேற ரகசியம் ஒண்ணும் கிடையாது. அவருக்குப் பல்லியைப் பாத்தா பயம், மேடைக்குப் பின்னாடி ஒரு பல்லி இருந்ததுன்னு என்னைத்தான் முன்னால அனுப்பினார். அவரை நினைச்சா நீங்க கவலைப்படறீங்க?

இங்க வேற பிரச்சனை. வேன் டிரைவர் போயிட்டார். கிடார்காரன் பின் சீட்டுலேருந்து அவரு தலைக்குப் பின்னாலயே நாள் பூரா பயிற்சி பண்ணியிருக்கான். மூணு நாள் பொறுத்தார். நாலாவது நாள் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, சாவியை என் கையில குடுத்து, "நீங்க ஒருத்தர்தான் மனுஷியா இருந்தீங்க"ன்னு சொல்லிட்டு எதிர்ல வந்த பஸ்ல ஏறிட்டார்.

அதுலேருந்து சிங்கம்தான் ஓட்டறார். திரும்பறப்ப கண்ணை மூடிக்கறார். உச்சஸ்தாயியில பாடறப்ப மூடற பழக்கமாம். நேத்து ஒரு குட்டைக்குள்ள இறக்கிட்டார். கரையோரம் முட்டியளவு தண்ணி, நடுவுல ஆழம். டிரம்மை எல்லாம் தலைமேல தூக்கிக்கிட்டு கரையேறினோம். பெரிய டிரம் மட்டும் மிதந்து போயிடுச்சு, வாத்துங்க கூடவே. நான் நீந்திப் போய்ப் பிடிச்சுட்டு வந்தேன்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதல. நீங்க பிஸியா இருப்பீங்க. சும்மா தகவலுக்காகத்தான் எழுதறேன். அடுத்தது மலைப்பாதையாம். வளைவு அதிகமாம். அதுவும் தகவல்தான்.

அத்தைக்கு ஷூ சரியா இருக்கான்னு எழுதுங்க.

ஜூன் 25

உனக்கு,

நானும் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். அதுவரைக்கும் அந்த ஆளிடம் சாவியைக் கொடுக்காதே. கண்ணை மூடிக்கொண்டு திரும்புகிறவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?

உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வேனில் இத்தனை உயிர் போகிறது, தெரிந்தும் சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பாடம் எல்லாவற்றையும் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுவிட்டேன். பேங்க் அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். மற்றவர்களுக்குச் சந்தோஷம்தான்.

அம்மாவுக்கு ஷூ சரியாக இருக்கிறது. கழற்றுவதே இல்லை. உன் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புகிறார்கள்.

ஜூலை 11

அம்மா கண்ணு,

சாயங்காலம் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். புது டிரைவர் எப்படி ஓட்டுகிறார்? திருப்பத்தில் ஹாரன் அடிக்கிறாரா? நான் சொன்னதாகச் சொல், பின் டயரில் காற்று குறைவு.

நேரில் இத்தனை நாள் கூடவே இருந்தும் உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் டயரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

உங்கள் ஆட்களுக்கு என்மேல் கோபம் இருக்கலாம். எல்லாரையும் பெல்ட் போட வைத்தேன். மலைப்பாதையில் மாட்டு வண்டி நம்மைத் தாண்டிப் போனதாக சிங்கம் சொல்லிக்கொண்டு திரிகிறான், அது பொய். அது டிராக்டர். ரெண்டு ஊரில் நாம் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் கைதட்டிக் கைதட்டி ஓய்ந்து போயிருந்தார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் முழுசாகப் போய்ச் சேர்ந்தீர்களா இல்லையா?

முதல் நாள் நிகழ்ச்சிக்கு நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைவலி வந்தால் வேனுக்குப் போய்விடலாம் என்று திட்டம். நீ மேடைக்கு வந்தாய். அம்மா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தாய். வீட்டில் வைப்பது மாதிரியே ஓரத்தை நீவிவிட்டு வைத்தாய். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த நீதான். அப்புறம் உட்கார்ந்து அடித்தாய்.

எப்படிச் சொல்வது? நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்ந்தது. என் நெஞ்சுக்குள் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் குதிக்கிறார்கள், ஓடுகிறார்கள், அந்தச் சிங்கம் தரையில் புரள்கிறான். நீ இருந்த இடத்தில் இருந்தாய். ஆனால் அத்தனை பேரும் உன்னைத்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். நீ எங்கே நிறுத்துகிறாயோ அங்கே நிற்கிறார்கள். நீ விட்டால் போகிறார்கள். ஸ்டியரிங் உன் கையில்தான் இருந்தது. பஞ்சை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெரிய மீசைக்காரர். அவரிடம் "அது என் மனைவி" என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "ஆங்?" என்று காதைக் காட்டினார். நான் எழுந்து நின்று, உயிரைக் கொடுத்து, "அது என் பொண்டாட்டி!" என்று கத்தினேன். பாவி, சரியாக அந்த நொடியில்தான் நீ நிறுத்த வேண்டுமா? மண்டபம் முழுக்க நிசப்தம். நான் மட்டும் ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

விளக்கை என்மேல் திருப்பச் சொன்னது சிங்கம்தானே? கைதட்டல் ஓயவே இல்லை. வெட்கத்தில் மீசைக்காரருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ சிரித்தது அங்கிருந்து தெரிந்தது.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். நீ இப்படி ஒரு ஆள் என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

டயரைப் பார்க்கச் சொல்.

ஜூலை 17

என்னங்க,

உங்க கடிதத்தை மடிச்சு மடிச்சு வச்சுப் படிச்சேன். பதில் நிறைய எழுதணும்னு இருந்தேன். இப்ப முடியல.

யானைக்கு மாவுக்கட்டு பிரிச்சாச்சு. நேத்து ஊன்றுகோலோட வந்து இறங்கினார். எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நானும் கைதட்டினேன். சாப்பிடறப்ப சிங்கம் என்கிட்ட வந்து, "உன் உதவியை மறக்கவே மாட்டோம். தற்காலிகம்னுதானே பேசினோம்"னார். ஆமா, அப்படித்தான் பேசினோம். அதுல தப்பு ஒண்ணுமில்ல. இருபத்தஞ்சாம் தேதி கடைசி நிகழ்ச்சி. பெரிய திறந்தவெளி மைதானம். அதுக்கு யானைதான் வாசிக்கப் போறார்.

"நான் நல்லா வாசிக்கலையா?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான் வாசிச்சே. ஆனா அது அவன் சீட்டு"ன்னார்.

அதைப் பாத்துட்டு மறுநாள் ஞாயித்துக்கிழமை கிளம்பி வரலாம்னு இருக்கேன். ஜூலை கடைசிக்குள்ள மேனேஜர் முன்னால போய் நின்னா வேலை இருக்கும். நீங்க முதல்லயே சொன்னீங்க, இதெல்லாம் எனக்கெதுக்குன்னு. சரியாத்தான் சொன்னீங்க.

வீட்டுக்கு ஏதாவது வாங்கணும்னா எழுதுங்க.

ஜூலை 20

உனக்கு,

வராதே.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அவளைத் திரும்பிப் போகச் சொல்லு" என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். தந்தி மாதிரி சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

நான் சரியாகச் சொன்னேனா? நான் எப்போது சரியாகச் சொல்லியிருக்கிறேன்? வயலின் என்று நினைத்தவன் நான். கால் உடைந்தது என்று சொன்னவன் நான். என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ ஏன் வர வேண்டும்?

அவன் சீட்டாமே! என்ன, பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட்டா? குட்டைக்குள் நீந்திப் போய் டிரம்மைப் பிடித்தது யார்? வாத்தா? தேய்ந்த ஸ்டூலில் தரை வரைக்கும் இறங்கியும் நிறுத்தாமல் வாசித்தது யார்? அந்த ஆளுக்கு முடியாதபோது நீ வேண்டும், எழுந்து நடந்தால் நீ வேண்டாமா? இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இன்று பாடத்தில் பேங்க் அம்மா, "சார், நான் நல்லாத்தானே ஓட்டறேன், ஏன் கத்தறீங்க?" என்று கேட்டார். உன் சிங்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், வாய்விட்டு.

நானே வந்து ரெண்டு கேள்வி கேட்கலாம் என்று சட்டையை மாட்டினேன். அம்மா தடுத்தார்கள். "நீ போய்க் கேட்டா அது உன் சண்டை. அவ கேக்கட்டும்" என்றார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

நீ கேள். எப்படிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். ஆனால் அடங்கின குரலில் கேட்காதே.

வேலை போனால் போகட்டும். நான் இருக்கிறேன். பேங்க் அம்மா லைசென்ஸ் எடுக்க இன்னும் பல வருஷம் ஆகும்.

ஜூலை 26

என்னங்க,

கை வீங்கியிருக்கு, எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்குங்க.

நேத்து காலையில, நான் பெட்டியை மூடிக்கிட்டிருக்கறப்ப உங்க கூரியர் வந்துச்சு. குளியலறைக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு படிச்சேன். படிச்சு முடிச்சுட்டு முகம் கழுவிக்கிட்டு நேரா மைதானத்துக்குப் போனேன். மேடையில டிரம் எல்லாம் அடுக்கி வச்சிருந்தாங்க. யாரும் வரல. நான் போய் ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

சிங்கம் வந்தார். "என்னம்மா, கடைசியா ஒரு தடவை உக்காந்து பாக்கறியா?"ன்னார், பாசமா.

"இல்ல. இன்னிக்கு நான்தான் வாசிக்கறேன்"னேன்.

"விளையாடாதே, எழுந்திரு."

"மாட்டேன்."

அவ்வளவுதாங்க பேசினேன். நிறைய பேசணும்னு நினைச்சுக்கிட்டுப் போனேன், அந்த ஒரு வார்த்தைதான் வந்துச்சு. சத்தமா வந்துச்சு. மைக் வேற போட்டிருந்தாங்க, மைதானம் முழுக்கக் கேட்டுது. சிங்கம் கெஞ்சினார், கத்தினார், முடியைப் பிச்சுக்கிட்டார். கிடார்காரன் என் பக்கத்துல வந்து உக்காந்து, "எனக்கும் நீங்க இருந்தாத்தான் பிடிக்கும்"னு சொல்லிட்டு, சிங்கம் பாத்ததும் எழுந்து ஓடிட்டான்.

யானை மத்தியானம் வந்தார். என்னைப் பாத்தார். நான் பயந்துட்டேன்னு சொல்றதுக்கென்ன, அவ்வளவு பெரிய உருவம். "எழுந்திருக்க மாட்டியா?"ன்னார். தலையாட்டினேன். ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு எனக்கு எதிர்ல உக்காந்துட்டார். "எப்பவாவது எழுந்துதானே ஆகணும்"னார்.

அவரு சொன்னது எதைன்னு உங்களுக்குப் புரியும். காலையில காபி வேற ரெண்டு கப் குடிச்சிருந்தேன். எழுந்தா அவரு உக்காந்துடுவார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவரும் காபி குடிச்சுட்டுத்தான் வந்திருக்கார், கொஞ்ச நேரத்துல அவரு முகமும் மாறிடுச்சு. அவரு எழுந்தா நான் ஜெயிச்சுட்டேன்னு ஆயிடும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு, காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். கடைசியில அவரே, "சேந்து போவோமா? யாரும் உக்காரக் கூடாது"ன்னார். ஊன்றுகோலை ஸ்டூல் மேல குறுக்க வச்சுட்டு, அவரு என் தோளைப் பிடிச்சுக்க, ரெண்டு பேரும் பாத்ரூமுக்கு ஓடினோம். திரும்பி வந்து அவங்கவங்க இடத்துல உக்காந்துக்கிட்டோம். அப்ப முதல் தடவையா சிரிச்சார்.

மைதானத்துக் கதவைத் திறந்துட்டாங்க. ஜனங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. நான் எழுந்திருக்கல. சிங்கம் வேர்த்துப் போய் நிக்கறார். யானை ஆளுங்களைக் கூப்பிட்டு, இன்னொரு டிரம் செட்டைக் கொண்டுவந்து என் இடது பக்கத்துல போடச் சொன்னார். "அவ எழுந்திருக்க மாட்டா. நானும் சும்மா நிக்க மாட்டேன்"னார்.

முதல் பாட்டுல ரெண்டு பேரும் சண்டைதான் போட்டோம். அவரு ஒண்ணு அடிச்சா நான் ரெண்டு. அவரு வேகமா போனா நான் இன்னும் வேகம். சிங்கம் பாட வாயைத் திறக்கறதும் மூடறதுமா நிக்கறார், உள்ள நுழைய இடமே இல்ல. ரெண்டாவது பாட்டுல அவரு வலது கால் பெடல்ல பாதிதான் இறங்கறதைப் பாத்தேன். முகத்துல காட்டிக்கல மனுஷன். வலி. நான் என் காலை அழுத்தினேன், அவரு அடிக்க முடியாத இடத்துலெல்லாம் நான் அடிச்சேன். அவரு திரும்பிப் பாத்தார். காலை எடுத்துட்டு கையை மட்டும் ஓடவிட்டார். அதுக்கப்புறம் சண்டை இல்லங்க. நாலு கை, ஒரே ஆள் மாதிரி. அந்த மைதானத்துல அத்தனை ஜனமும் எழுந்து நின்னுச்சு.

முடிஞ்சதும் யானை மேடை ஓரத்துக்குப் போய்க் கையை விரிச்சார். நானும் சிங்கமும் பனியனைப் பிடிச்சு இழுத்துட்டோம்.

அப்புறம் அவரு என்கிட்ட, "நீ அங்கயே உக்காரு. எனக்கு இடது பக்கம் வசதியா இருக்கு"ன்னார். சிங்கம் பக்கத்துல நின்னு, எல்லாம் அவரு யோசனை மாதிரி தலையாட்டினார். கருங்கல்லுக்கு இனி ரெண்டு டிரம்மர். செப்டம்பர்ல அடுத்த பயணம், போஸ்டர்ல என் முகம் பெரிசா வரணும்னு கேட்டேன். அதையும் அடங்கின குரல்ல கேக்கல.

ராஜினாமாக் கடிதம் இதோட இருக்கு. மேனேஜர்கிட்ட நீங்களே குடுத்துடுங்க. பாவம், ஒரு பழக்கூடையும் வாங்கிட்டுப் போங்க.

அஞ்சாம் தேதி வரேன். இப்பவாவது கதவைத் திறப்பீங்களா?

ஆகஸ்ட் 1

அம்மா கண்ணு,

கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள் அம்மா. பாத்ரூம் இடத்தை மூன்று தடவை படிக்க வைத்தார்கள்.

மேனேஜரைப் பார்த்தேன். ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். வருத்தப்படுவார் என்று பார்த்தால், மேசைக்குள்ளிருந்து உங்கள் போஸ்டரை எடுத்து, நீ வந்தால் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னார். அவர் பையனுக்காம். பையனுக்கு ரெண்டு வயசு.

வாசல் பக்கத்து அறையிலிருந்த டயர், பழைய சீட்டு எல்லாவற்றையும் காலி செய்துவிட்டேன். செப்டம்பர் வரைக்கும் நீ எங்கே பயிற்சி பண்ணுவாய்? பேங்க் அம்மா வீட்டுப் பரணில் அவர் தம்பியின் பழைய டிரம் செட் கிடந்தது. காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்தான் ஓட்டினார். எங்கேயும் ஏறவில்லை.

பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். தெருவுக்குச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன். வெளியே வந்து, "கேக்குதாம்மா?" என்றேன். "கேக்குது" என்றார்கள். இன்னொரு மெத்தை மாட்டினேன். "கேக்குது." கதவுக்குப் போர்வை தொங்கவிட்டேன். "லேசா கேக்குது." ஜன்னலை அடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை, சோதனைதானே, கொஞ்சம் நன்றாகவே அடித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். நீ அடிப்பது மாதிரியே கண்ணை இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கையையும் காலையும் ஒன்றாக விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு நன்றாகத்தான் பட்டது. வியர்த்துக் கொட்டியது.

கதவு திறந்தது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கேக்குதாம்மா?" என்றேன்.

"போதும்டா, நிறுத்து. உனக்கு வரல. அவ வந்து அடிக்கட்டும்" என்றார்கள்.

வா.